மதுரையில் சிறுநீர் கல்ச்சர்: பாட்டிலை வாங்கும் முன் கேள்வி கேட்கும் ஒரு லேப்

சிறுநீரில் உள்ள கிருமியைத் தட்டில் வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்குக் கல்ச்சர் என்று பெயர். மதுரையில் சிறுநீரை அதற்குக் கொடுப்பது எளிது. தெருவுக்கு இரண்டு லேப் இருக்கிறது. பாட்டிலை நீட்டினால் வாங்கிக்கொள்வார்கள், பெயரும் வயதும் கேட்பார்கள், பணத்தை எண்ணிப் போட்டுக்கொள்வார்கள். அந்தப் பாட்டிலுக்குள் இருப்பது எப்படி எடுத்தது, எப்போது எடுத்தது, எதற்காக எடுத்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. கோரிப்பாளையத்திலிருந்து பனகல் சாலைக்குள் திரும்பி, மருந்துக்கடை வரிசையைத் தாண்டி ஒரு சந்துக்குள் போனால் வரும் சிறிய லேப் ஒன்றில் கேட்கிறார்கள். இந்த மதிப்புரை அதைப் பற்றியது.

பெயரைப் போட முடியவில்லை. நடத்துபவர் நுண்ணுயிரியல் படித்த பெண் மருத்துவர். எழுதலாமா என்று கேட்டேன். "மருத்துவர் விளம்பரம் செய்யக் கூடாது. நீங்களாக எழுதினாலும் நான் சொல்லி எழுதியதாகத்தான் பேசுவார்கள்" என்று மறுத்துவிட்டார். அதனால் பெரிய நஷ்டமில்லை. ஒரு லேப் எப்படி நடந்துகொண்டால் நம்பலாம் என்பது தெரிந்துவிட்டால், உசிலம்பட்டிக்காரர் உசிலம்பட்டியிலும் மேலூர்க்காரர் மேலூரிலும் தேடிக்கொள்ளலாம்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் இந்தக் கறார் எதற்கென்று புரியும். திருநகரில் வீட்டிலிருந்தபடியே பதிப்பகங்களுக்கு மெய்ப்புத் திருத்திக் கொடுக்கிறேன். கட்டட வேலை நடந்த இடத்தில் சாரத்திலிருந்து விழுந்ததில் முதுகுத்தண்டில் டி-10 மட்டத்தில், அதாவது மார்புப் பகுதியின் பத்தாவது எலும்பு மட்டத்தில் அடி. தொப்புளுக்குக் கீழே உணர்வு இல்லை. சிறுநீர்ப்பை நிறைந்தாலும் தெரியாது, அதற்குள் எரிந்தாலும் தெரியாது. வேலூர் பாகாயத்தில், தாமே முதுகுத்தண்டு அடிபட்டுச் சக்கர நாற்காலியில் இருந்துகொண்டு அறுவை மருத்துவராகப் பணியாற்றிய மேரி வர்கீஸ் 1966-இல் தொடங்கிய மறுவாழ்வு மையத்தில்தான் எனக்குக் குழாய் போடக் கற்றுக்கொடுத்தார்கள். நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை சுத்தமான குழாயை நாமே செலுத்திச் சிறுநீர்ப்பையைக் காலி செய்துவிட்டுக் குழாயை வெளியே எடுத்துவிட வேண்டும். 1972-இல் அமெரிக்க மருத்துவர் ஜாக் லாபிடஸ் பரப்பிய முறை. கையையும் குழாயையும் நன்றாகக் கழுவினால் போதும், கிருமியே இல்லாத குழாய் தேவையில்லை, பை அளவுக்கு மீறி உப்புவதுதான் பெரிய கேடு என்று அவர் சொன்னபோது அந்தக் காலத்து மருத்துவர்கள் பலர் ஏற்கவில்லை. எங்களைப் போன்றவர்கள் பலர் இன்று சிறுநீரகம் கெடாமல் உயிரோடு இருப்பதில் அந்த மனிதருக்குப் பெரிய பங்கு உண்டு.

மற்றவர்களுக்குத் தொற்று வந்தால் நீர்க்கடுப்பு சொல்லிவிடும். எங்களுக்கு அது வேறு வழியில் வருகிறது. கால் இழுப்பு திடீரென்று கூடும். குழாய் போடும் இடைவேளையில் கசிந்து துணி நனையும். காரணமில்லாமல் உடம்பு அடித்துப்போட்டதுபோல் இருக்கும். அப்புறம் குளிர்க்காய்ச்சல். மேலூர் நண்பர் ஒருவருக்குக் கழுத்துத் தண்டில் அடி; அவருக்கு இன்னும் ஆபத்து. தலை வெடிக்கும் வலி, நெற்றியெல்லாம் வியர்வை, இரத்த அழுத்தம் கிடுகிடுவென்று ஏறும். டி-6 மட்டத்திலும் அதற்கு மேலும் அடிபட்டவர்களுக்கு இது வரும். அப்போது கல்ச்சரைப் பற்றி யோசிக்க நேரமில்லை. நிமிர்த்தி உட்காரவைத்து, சிறுநீர் வடிய உள்ளேயே வைத்திருக்கும் ட்யூப் அடைத்திருக்கிறதா, மடங்கியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்; அடங்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரி.

இத்தனை வருடக் குழாய், இத்தனை வருட மாத்திரை. எங்கள் சிறுநீரில் தங்கும் கிருமிகள் எல்லா மருந்தையும் பார்த்துப் பழகியவை. சாதாரண ஆளுக்கு மூன்று நாள் மாத்திரையில் போகும் ஈ.கோலை எங்களுக்கு ஊசி கேட்கும். க்ளெப்சியெல்லா, சூடோமோனாஸ், புரோட்டியஸ், என்டரோகாக்கஸ் என்று மற்றவையும் வரிசையில் நிற்கும். எந்தக் கிருமி, எதற்கு மசியும் என்பதைத் தட்டில் வளர்த்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஆகவே லேப் தவறாகச் சொன்னால் எங்கள் மருத்துவர் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் மருந்து எழுதுகிறார்.

இங்கே வருவதற்கு முன் வேறு பல இடங்களில் கொடுத்திருக்கிறேன். பெரிய லேபின் கிளை என்று பலகை மாட்டியிருக்கும் இடங்களில் பல வெறும் சேகரிப்பு மையங்கள். அங்கே தட்டும் கிடையாது, இன்குபேட்டரும் கிடையாது. மாலையில் ஒரு பையன் வந்து எல்லாப் பாட்டில்களையும் அள்ளிக்கொண்டு போவான். அவை இரவு பஸ்ஸில் ஏறி வேறு ஊருக்குப் போகும். காலையில் நான் கொடுத்த பாட்டில் மதியம் வரை ஜன்னலோரம் வெயிலில் நின்றதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். சித்திரை மாத மதுரையில் மின்விசிறி மட்டும் ஓடும் அறை, கிருமி வளர்க்கும் 35 டிகிரி இன்குபேட்டருக்கு எதிலும் குறைந்ததில்லை. நல்ல சூழல் கிடைத்தால் ஈ.கோலை 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். இரண்டு மணி நேரத்தில் ஒன்று 64 ஆகும். அதற்குள் சோதனையைத் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் 4 டிகிரி குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும் என்பது பாடப்புத்தக விதி. ஜன்னலோரத்தில் அது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

அப்படிப் போன மாதிரிக்கு என்ன பதில் வரும்? "பல வகைக் கிருமிகள் கலந்துள்ளன, வெளிக்கலப்பாக இருக்கலாம், மறுபடி அனுப்பவும்." அதற்கு மறுபடி பணம். ட்யூப் போட்டிருப்பவர்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கிருமி உள்ளேயே இருப்பது சாதாரணம். அதை யோசிக்காமல் கலப்பு என்று தள்ளிவிட்டால் காய்ச்சலோடு கிடப்பவன் கதி என்ன?

இன்னொரு விதமான பதிலும் உண்டு: "குறிப்பிடத்தக்க வளர்ச்சி இல்லை." படித்தவர்கூட இதைப் பார்த்துத் தொற்று இல்லை என்று நிம்மதி அடைவார். 1950-களில் எட்வர்ட் காஸ் என்ற அமெரிக்க மருத்துவர், ஒரு மி.லி. சிறுநீரில் ஒரு லட்சம் கிருமிகளுக்கு மேல் இருந்தால் தொற்று என்று கொள்ளலாம் என வகுத்தார். இயல்பாகச் சிறுநீர் கழிப்பவர்களின் மாதிரியை வைத்துச் சொன்ன கணக்கு அது. வழியில் தோலில் இருக்கும் கிருமி ஒட்டிக்கொள்ளும் என்பதால் எல்லையை அவ்வளவு உயரத்தில் வைத்தார். குழாய் வைத்து நேரே பைக்குள்ளிருந்து எடுப்பவர்களுக்கு அந்த எல்லை பொருந்தாது. அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கத்தின் 2009 வழிகாட்டி, அறிகுறியோடு வரும் குழாய்க்காரர்களுக்கு ஆயிரம் இருந்தாலே போதும் என்கிறது. ஆனால் படிவத்தில் குழாய் என்று எழுதியிருந்தால்தானே லேப்காரருக்குத் தெரியும்? கேட்டிருந்தால்தானே எழுதியிருப்பார்கள்?

இனி நமது லேபுக்கு வருகிறேன். முன்னறையில் ஒரு மேசை, ஒரு சிறிய குளிர்சாதனப் பெட்டி. பெட்டிக் கதவில் வெப்பநிலை எழுதும் அட்டை ஒட்டியிருக்கிறது. காலை மாலை இரண்டு வேளையும் கையெழுத்தோடு நிரப்பியிருக்கிறார்கள். (மெய்ப்புத் திருத்துபவனுக்கு இதையெல்லாம் பார்க்காமல் இருக்க முடியாது. ஒரே பேனாவில், ஒரே மூச்சில் மாதம் முழுவதும் நிரப்பிய அட்டை என்றால் பார்த்தவுடன் தெரிந்துவிடும். இது அப்படி இல்லை.) மேசையில் இருக்கும் டெக்னீஷியன் பெண் பாட்டிலைத் தொடுவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"அண்ணே, ட்யூப் உள்ளேயே இருக்கிறதா, நீங்களே போட்டு எடுக்கிறீர்களா?"

"நானேதான்."

"இது எத்தனை மணிக்கு எடுத்தது? கடைசியாக என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள், எப்போது நிறுத்தினீர்கள்? காய்ச்சல், இழுப்பு, கசிவு என்று புதிதாக ஏதாவது?"

ஒவ்வொன்றுக்கும் படிவத்தில் இடம் இருக்கிறது. சொன்னதை எழுதிக்கொண்ட பிறகுதான் பாட்டிலை வாங்கினார். பக்கத்தில் அலங்காநல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்த இளைஞர் ஒருவர், படுக்கையில் இருக்கும் அப்பாவுக்காக ஒரு பாட்டில் நிறையக் கொண்டுவந்திருந்தார். யூரின் பையின் அடிக்குழாயைத் திறந்து பிடித்தது. டெக்னீஷியன் வாங்கவில்லை.

"தம்பி, பையில் இருப்பதைக் கொண்டுவந்தால் பையில் வளர்ந்ததுதான் தெரியும். அப்பாவுக்குள்ளே இருப்பது தெரியாது."

பிறகு பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். உள்ளேயே வைக்கும் ஃபோலி ட்யூபின் உட்சுவரில் கிருமிகள் பாசிபோல் படிந்து குடியிருக்கும். ட்யூப் போட்டு இரண்டு வாரம் தாண்டியிருந்தால் அதை மாற்றிவிட்டுப் புது ட்யூபிலிருந்துதான் எடுக்க வேண்டும். ட்யூபில் மாதிரி எடுப்பதற்கென்று இருக்கும் சிறு வாயைத் துடைத்து, ஊசிக்குழலால் உறிஞ்ச வேண்டும்; பையைத் தொடவே கூடாது. கிருமி பெருகாமல் நிறுத்திவைக்கும் போரிக் அமிலத்தூள் போட்ட பாட்டில் ஒன்றைக் கையில் கொடுத்து, கோடு வரை நிரப்பச் சொல்லி அனுப்பினார். குறைவாக நிரப்பினால் அமிலம் அதிகமாகிக் கிருமியையே கொன்றுவிடும் என்றும் சொன்னார். அந்தப் பையன் முகத்தில் எரிச்சல். அலைச்சல்தான், மறுக்கவில்லை. ஆனால் தவறான மாதிரிக்கு வரும் ரிப்போர்ட்டை நம்பி வாரக்கணக்கில் தப்பான மருந்து ஏறுவதைவிட ஒருநாள் அலைச்சல் மேல் என்று நான் நினைக்கிறேன்.

இதைவிட எனக்குப் பிடித்த மறுப்பு ஒன்று உண்டு. ஒருமுறை சிறுநீர் கலங்கலாகவும் வாடையாகவும் இருக்கிறது என்று அம்மா விடாமல் நச்சரித்து என்னைக் கிளப்பிவிட்டார். காய்ச்சல் இல்லை, இழுப்பு இல்லை, கசிவு இல்லை. படிவத்தைப் பார்த்த டெக்னீஷியன் உள்ளே போய் மருத்துவரிடம் கேட்டார். மருத்துவர் வெளியே வந்தார்.

"இன்றைக்கு இதை வளர்த்தால் ஏதாவது ஒரு கிருமி வளரத்தான் செய்யும். ரிப்போர்ட்டைப் பார்த்தால் யாராவது மருந்து எழுதுவார்கள். அந்த மருந்தால் நாளைக்கு இன்னும் முரட்டுக் கிருமி வரும். தண்ணீர் நன்றாகக் குடியுங்கள். காய்ச்சல் வந்தால் வாருங்கள்."

பணம் வாங்காமல் திருப்பி அனுப்பினார். வியாபாரம் என்று பார்த்தால் பைத்தியக்காரத்தனம். மருத்துவம் என்று பார்த்தால் சரி. உள்ளேயே ட்யூப் வைத்திருப்பவர்களுக்கு ஒவ்வொரு நாளும் நூற்றுக்கு மூன்று முதல் ஏழு பேர் வீதம் கிருமி குடியேறுகிறது. ஒரு மாதத்துக்குள் கிட்டத்தட்ட எல்லோருக்கும் வந்துவிடும். அறிகுறி இல்லாமல் கிருமி மட்டும் இருந்தால் தேடவும் வேண்டாம், மருந்தும் வேண்டாம் என்று அமெரிக்கச் சங்கத்தின் 2019 வழிகாட்டி முதுகுத்தண்டு அடிபட்டவர்களைக் குறிப்பிட்டே சொல்கிறது. கர்ப்பிணிகளும், சிறுநீர்ப் பாதையில் இரத்தம் கசியும்படியான அறுவைக்குப் போகிறவர்களும் மட்டும் விதிவிலக்கு. சிறுநீரில் சீழ் செல்கள் இருப்பதும் எங்களுக்கு வழக்கமான விஷயம். குழாயின் உராய்வே அதற்குப் போதும். அம்மாவுக்கு இதையெல்லாம் விளக்கினேன். "படித்தவர்கள் சொன்னால் சரிதான்" என்றவர், மறுநாளும் முகர்ந்து பார்த்தார்.

காய்ச்சலோடு போனபோது நடந்ததுதான் இந்த மதிப்புரையை எழுதவைத்தது. மூன்றாம் நாள் ரிப்போர்ட் வாங்கப் போனவனிடம் "பார்க்கிறீர்களா?" என்று மருத்துவர் கேட்டார். மேசைமீது கருப்புத் துணி. அதன்மேல் உள்ளங்கையைவிடப் பெரிய வட்டத்தட்டு. வெளிர்மஞ்சள் நிற ஜெல்லி. அதன் மேற்பரப்பு முழுவதும் என் சிறுநீரில் இருந்த ஈ.கோலை மெல்லிய பனிபோல் மூடியிருந்தது. ஜெல்லியின்மேல் பொட்டு அளவு வெள்ளைக் காகித வில்லைகள். ஒவ்வொன்றிலும் மருந்தின் சுருக்கெழுத்து அச்சிட்டிருந்தது. மருந்து வேலை செய்யும் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத தெளிந்த வட்டம். வேலை செய்யாத வில்லையின் விளிம்பு வரை கிருமி வந்து முட்டிக்கொண்டு நின்றது. சிப்ரோஃப்ளாக்சசின் வில்லையைச் சுற்றி ஒன்றுமே இல்லை. அதை நான் எத்தனை அட்டை விழுங்கியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மருத்துவர் அளவுகோல் ஒன்றை எடுத்து ஒவ்வொரு வட்டத்தின் குறுக்களவையும் மி.மீ. கணக்கில் அளந்து காட்டினார். மெரோபெனம் என்ற ஊசி மருந்துக்கு 29. அந்த மருந்துக்கு 23-ம் அதற்கு மேலும் என்றால் கேட்கும் என்று பொருள். நைட்ரோஃபுரான்டாயின் மாத்திரைக்கு 20, அதற்கு 17 இருந்தால் போதும். பிறகு தட்டின் நடுவே விரலை வைத்தார். நடுவில் அமாக்சிசிலின்-கிளாவுலனேட் வில்லை. அதற்குப் பக்கத்தில் செஃபோடாக்சிம் வில்லை. செஃபோடாக்சிமைச் சுற்றி இருந்த சிறிய வட்டம் வட்டமாக இல்லை. கிளாவுலனேட்டைப் பார்த்த பக்கம் மட்டும் வெளியே நீண்டு, சாவித்துவாரம்போல் இருந்தது. கிருமி ஒரு நொதியைச் சுரந்து செஃபோடாக்சிமை உடைக்கிறது. கிளாவுலனேட் பரவும் இடத்தில் அந்த நொதி முடங்குகிறது, மருந்து மறுபடி வேலை செய்கிறது. அந்த நொதிக்குத்தான் ஈஎஸ்பிஎல் என்று பெயர். செஃபோடாக்சிமையும் கிளாவுலனேட்டையும் சேர்த்துத் தடவிய தனி வில்லை வைத்து, வட்டம் 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் விரிகிறதா என்று அளந்தும் உறுதி செய்கிறார்கள். ரிப்போர்ட்டில் நான்கு எழுத்தாகப் பலமுறை பார்த்த விஷயத்தை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

மெரோபெனம் வட்டத்தை மட்டும் அவர் இரண்டுமுறை அளந்தார். ஏன் என்று கேட்டேன். அந்த வட்டம் சுருங்கினால் அடுத்து எழுத மருந்தே சொற்பம் என்றார். அந்த வகை மருந்துகளையும் உடைக்கும் நொதிக்கு என்டிஎம் என்று பெயர்; முதல் இரண்டு எழுத்து 'நியூ டெல்லி'யைக் குறிக்கும். புதுதில்லி மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுச் சுவீடன் திரும்பிய ஒரு நோயாளியின் சிறுநீரில்தான் 2008-இல் அது முதலில் சிக்கியது. 2010-இல் வந்த ஆய்வு, சென்னையிலும் அரியானாவிலும் எடுத்த மாதிரிகளில் அது ஏற்கெனவே பரவியிருப்பதைக் காட்டியது. தில்லியின் பெயரை வைத்தார்கள் என்று இங்கே ஒரே கூச்சல். 2012-இல் சென்னையிலேயே மருத்துவச் சங்கங்கள் கூடி, மருந்துக்கு அடங்காத கிருமிகளை எதிர்கொள்ள "சென்னைப் பிரகடனம்" வகுத்தன. கூச்சல் நினைவிருக்கும் அளவுக்குப் பிரகடனம் யாருக்கும் நினைவில்லை.

ரிப்போர்ட்டுக்கு வருகிறேன், இது என் தொழில் சம்பந்தப்பட்டது. மற்ற இடங்களில் வாங்கிய ரிப்போர்ட்டுகளில் இரண்டு டஜன் மருந்துகள் வரிசையாக இருக்கும். நீளமாக இருந்தால் கொடுத்த காசுக்கு நிறைவு என்று நாமும் நினைக்கிறோம். இந்த லேபின் ரிப்போர்ட் சின்னது. சாதாரண வாய்வழி மருந்து ஒன்று கேட்கும் என்றால், கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் ஊசி மருந்துகளின் முடிவை அச்சிடுவதில்லை. மருத்துவர் தொலைபேசியில் கேட்டால் சொல்கிறார்கள். முதலில் எனக்குக் கோபம் வந்தது. காசு கொடுத்தவனிடமே மறைக்கிறார்களே என்று கேட்டேன். அவர் சொன்ன காரணம்: பட்டியலில் இருந்தால் யாராவது எழுதிவிடுவார்கள். மருந்துக்கடையில் ரிப்போர்ட்டை நீட்டி "இதில் கேட்கும் என்று போட்டிருப்பதில் ஒன்று கொடுங்கள்" என்று கேட்பவர்களை நானே பார்த்திருக்கிறேன், கொடுப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். செஃபோடாக்சிம் போன்ற மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின்களும் மெரோபெனம் வகையும் 2014 மார்ச் முதல் மருந்து விதிகளின் எச்-1 அட்டவணையில் இருக்கின்றன. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றதைத் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும், அதை மூன்று வருடம் பத்திரப்படுத்த வேண்டும். சட்டம் அச்சில் நன்றாகத்தான் இருக்கிறது.

ஒரு ரிப்போர்ட் நம்பத்தக்கதா என்று மருத்துவம் படிக்காதவரும் சில இடங்களில் பிடித்துவிடலாம். வேறொரு லேபின் ரிப்போர்ட்டை ஒருமுறை நண்பர் அனுப்பியிருந்தார். கிருமி புரோட்டியஸ், நைட்ரோஃபுரான்டாயின் "கேட்கும்" என்று அச்சாகியிருந்தது. புரோட்டியஸ் இயற்கையிலேயே அந்த மருந்துக்கு அடங்காதது. ஒன்று கிருமியின் பெயர் தவறு, அல்லது வட்டத்தின் அளவு தவறு. இரண்டும் சரியாக இருக்க வழியில்லை. அதே ரிப்போர்ட்டில் கடைசிக் கட்ட மருந்தான கோலிஸ்டின் முடிவும் இருந்தது, வில்லை முறையில். கோலிஸ்டின் ஜெல்லியில் சரியாகப் பரவாது. வில்லை வைத்து அளந்தால் பொய் சொல்லும். திரவத்தில் படிப்படியாகக் கரைத்துப் பார்க்கும் முறைதான் ஏற்கப்பட்டது. கோழித் தீவனத்தில் கலக்கிறார்கள் என்று 2019-இல் மத்திய அரசு கால்நடைகளுக்குத் தடைசெய்யும் அளவுக்கு முக்கியமான மருந்து. அதன் முடிவை இப்படி அலட்சியமாக அச்சிட்டால் மற்ற வரிகளை எதை வைத்து நம்புவது? நண்பரை இங்கே மறுபடி கொடுக்கச் சொன்னேன். புரோட்டியஸ் என்பது சரிதான். அது யூரியாவை உடைத்துச் சிறுநீரைக் காரமாக்கிக் கல் உண்டாக்கும் என்பதால் ஸ்கேன் எடுத்துப் பார்க்கவும் என்று ரிப்போர்ட்டின் அடியில் மருத்துவர் ஒரு வரி எழுதியிருந்தார். பார்த்தார்கள், சிறுநீர்ப்பையில் கல் இருந்தது. மாதாமாதம் அவருடைய ட்யூப் அடைத்துக்கொண்டதற்குக் காரணமும் கிடைத்தது.

வேகம் என்று கேட்டால் இந்த லேபுக்கு மதிப்பெண் குறைவுதான். வளர ஒருநாள், மருந்துச் சோதனைக்கு இன்னொரு நாள். வைட்டெக் போன்ற இயந்திரம் வைத்திருக்கும் இடங்களில் கிருமி வளர்ந்த பிறகு அன்றைக்கே மருந்து முடிவு வந்துவிடுகிறது, அதுவும் எவ்வளவு செறிவில் கிருமி நிற்கிறது என்ற எண்ணோடு. மால்டி-டாஃப் என்ற கருவி கிருமியின் பெயரைச் சில நிமிடங்களில் சொல்கிறது. குளிர்க்காய்ச்சலில் கிடப்பவனுக்கு அந்த ஒருநாள் பெரிய விஷயம். ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கும் நிலை என்றால் அங்கே உள்ள இயந்திரத்தையே நம்புங்கள் என்பேன். ஆனால் வெயிலில் நின்ற பாட்டிலை இயந்திரத்தில் விட்டாலும் வெயிலில் நின்ற முடிவுதான் வரும், கொஞ்சம் சீக்கிரமாக. காசில்லாதவர்களுக்குப் பக்கத்திலேயே அரசு இராசாசி மருத்துவமனையும் மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. அங்கே கொடுப்பதாக இருந்தாலும் படிவத்தில் "முதுகுத்தண்டு அடி, குழாய் உபயோகிப்பவர், எடுத்த நேரம் இது, அறிகுறி இவை" என்று எழுதித் தரும்படி வார்டு மருத்துவரிடம் கேளுங்கள்.

வீட்டிலேயே சிறுநீரில் தோய்த்துப் பார்க்கும் சோதனைப் பட்டைகளைப் பற்றியும் கேட்கிறார்கள். நைட்ரைட் கட்டம் நிறம் மாறினால் கிருமி என்பது பொதுக்கணக்கு. என்டரோகாக்கஸ் நைட்ரைட் உண்டாக்காது. அதற்குப் பட்டை வாயே திறக்காது. எந்த மருந்து கேட்கும் என்பதை எந்தப் பட்டையும் சொல்லாது. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை.

குறைகள் நிறைய. வாசலில் இரண்டு படி, சரிவுப்பாதை இல்லை. சக்கர நாற்காலிக்காரர்களை இவ்வளவு நன்றாகப் புரிந்துகொண்ட லேபுக்குள் சக்கர நாற்காலி போக முடியாது என்பது வேடிக்கையான சோகம். சந்தில் நாற்காலியில் இருந்தபடி நான் கூப்பிட, டெக்னீஷியன் வெளியே வந்து வாங்கிக்கொள்கிறார். தட்டைக் காட்டிய அன்று பக்கத்து மருந்துக்கடைப் பையன்கள் இருவர் நாற்காலியோடு தூக்கி உள்ளே வைத்தார்கள். 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைச் சொன்னேன். கட்டட உரிமையாளர் படியை இடிக்க விடமாட்டேன் என்கிறாராம். கழற்றி மாட்டும் இரும்புச் சரிவு ஒன்று வாங்கலாமே என்றேன். வாங்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள், இதுவரை வரவில்லை. மாதிரி எடுக்க உள்ளே அகலமான கழிவறையும் இல்லை, வீட்டிலேயே எடுத்துவிட்டுத்தான் வர வேண்டும். வீட்டுக்கு வந்து வாங்கும் சேவை வைகைக்கு வடகரையோடு நின்றுவிடுகிறது. திருநகர், பசுமலை, வில்லாபுரத்துக்காரர்கள் ஆட்டோ பிடிக்க வேண்டியதுதான். ரிப்போர்ட் முழுக்க ஆங்கிலம். அடியில் எழுதும் அந்த ஒரு வரியையாவது தமிழில் போடலாம், வேண்டுமானால் நான் இலவசமாகத் திருத்திக் கொடுக்கிறேன். சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் வரும் நாட்களில் கோரிப்பாளையம் பக்கமே தலைகாட்ட முடியாது. அந்த வாரம் காய்ச்சல் வராமல் இருக்க அழகரைத்தான் வேண்டிக்கொள்ள வேண்டும். கட்டணம் என்னிடம் வாங்கியது எழுநூறு ரூபாய். சேகரிப்பு மையங்களைவிடக் கொஞ்சம் அதிகம், மறுசோதனைக்கு இரண்டாவது முறை கேட்காததால் மொத்தத்தில் குறைவு.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். படி போனால் நாலரை.

போக நினைப்பவர்களுக்கு: ஞாயிறு மூடல், ஆகவே சனிக்கிழமை கொடுத்தால் தட்டு பார்க்க ஆளில்லாமல் காத்திருக்கும், திங்கள் முதல் வியாழன் வரை, காலை பத்து மணிக்குள் கொடுப்பது நல்லது. தூரத்திலிருந்து வருபவர்கள் போரிக் அமிலப் பாட்டிலை முன்கூட்டியே வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணப் பாட்டில் என்றால் ஐஸ் கட்டிகளோடு டிஃபன் பெட்டியில் வைத்துக் கொண்டுவரலாம், ஐஸ் தண்ணீர் உள்ளே இறங்காமல் மூடியை இறுக்கிவிட வேண்டும். முதல் வேளை மாத்திரையை விழுங்குவதற்கு முன் மாதிரியை எடுத்துவிடுங்கள். நடுக்கத்தோடு காய்ச்சல் ஏறினால் இந்த லேபுக்கோ எந்த லேபுக்கோ போக வேண்டாம். நேரே அவசரப் பிரிவு. அங்கே ஊசி போடும் முன் ஒரு பாட்டில் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், மறந்துவிடுவார்கள்.